அரை லிட்டர் கூடுதல்

கொசுவின் விரல்கள் ஒரு பழைய பனியன் துணியால் ஆயில் பார்க்கும் குச்சியைத் துடைத்துக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரியும் காட்சி இதுதான். மோட்டார் சைக்கிள் சென்டர் ஸ்டாண்டில், எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நிற்கும். எஞ்சினின் வலப்பக்க மூடியைத் திருகினால் அதோடு சேர்ந்தே குச்சி வரும். அதைத் துடைப்பாள், திருகாமல் ஓட்டையில் சும்மா வைப்பாள், மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பாள். நுனியில் இரண்டு கோடுகள் உண்டு. ஆயிலின் ஈரம் அவற்றுக்கு நடுவில் இருந்தால் மூடிவிட்டு உள்ளே போய்விடுவாள். கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தால் கொஞ்சம் ஊற்றுவாள், சற்றுப் பொறுத்து மறுபடி பார்ப்பாள். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷமும் யாரோடும் பேசமாட்டாள். மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாது.

அவள் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். விடியற்காலையில் 'ங்ங்' என்ற சத்தத்தோடு தெருவில் நுழைவாள், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களைக் குத்துவாள், பறந்துவிடுவாள். பிள்ளைகள் வைத்த பெயர் பெரியவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. "கொசு கூப்பிடாமலே வரும். யாராவது போன் பண்ணினாத்தான் நான் வருவேன். நான் மேல்," என்பாள்.

இருபது வயதில் ஒரு சட்டை தைக்கும் ஆலையில் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கேயே ஒரு தையல்காரரைக் கட்டிக்கொண்டாள். ஆலையை மூடியபோது தையல்காரர் வீட்டில் மிஷின் போட்டுக்கொண்டார். இவள் ஆறு மாதம் படித்து ஊசி பிடிக்கக் கற்றாள். சொந்த வண்டி இருந்தால்தான் வீட்டுச் சுற்று தருவோம் என்றது பரிசோதனைக் கூடம். இருபத்தொன்பது வயதில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, ஏழு தடவை விழுந்து ஓட்டப் பழகினாள். ஆயிலைப் பற்றி அப்போது அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் வருஷம் ஒரு மேட்டில் ஏறும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஆயில் ஒரு கரண்டிகூட இல்லை. இப்போது இருப்பது இரண்டாவது வண்டி. ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

காலை ஒன்பது மணிக்குள் பத்தொன்பது வீடு. பதினோரு வருஷமாக அதுதான் அவள் சுற்று. இந்த வருஷம் புது மேலாளர் வந்தார். சுற்றுகளையெல்லாம் வேனுக்கு மாற்றுகிறோம், சந்துகளுக்கு மட்டும் மூன்று மோட்டார் சைக்கிள் வைத்துக்கொள்வோம், வண்டிகளைச் சோதித்துத்தான் வைப்போம் என்றார். சோதனையில் தேறாவிட்டால் கொசுவுக்கு உள்ளே நாற்காலி வேலை. ரத்தக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்ட வேண்டும்.

"நாள் பூரா ஒரே இடத்துல உக்காந்து லேபிள் ஒட்டினா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும் சிஸ்டர்," என்றாள் என்னிடம். நாற்பது வருஷம் நோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் இருந்ததால் தெருவுக்கே நான் சிஸ்டர்தான். அவளால் உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியும். என் வீட்டில் டீ குடிக்கும்போதுகூட நின்றுகொண்டே குடிப்பவள்.

சோதனைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவள் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. பத்து நாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் கிளம்பினாள். கிளம்பும்போது ஒரு காரியம் செய்தாள். வண்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புருஷனிடம் சொன்னாள். அவர் மறதிக்காரர் என்பதால் மாடியில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் சொன்னாள். அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், தன்னைத் தவிர யார் சொல்வதையும் கேட்கமாட்டார். ஆகவே என்னிடமும் சொன்னாள். மற்ற இருவரிடமும் சொல்லியிருப்பதை எங்களில் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு இரவு திரும்பி வந்தாள். திங்கட்கிழமை காலை வண்டியை எடுத்தாள். தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் நீலப்புகை. மூன்றாவது வீட்டில், "கொசுவே கொசு மருந்து அடிச்சுக்கிட்டு வருதே," என்று சிரித்தார்களாம். சிரிக்கும் நிலையில் அவள் இல்லை. சோதனை மறுநாள் காலை ஏழு மணிக்கு.

சுற்றை எப்படியோ முடித்து, சாயந்திரம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் குச்சியைத் தொடவில்லை. புகையைப் பார்த்ததும், "அக்கா, எஞ்சினுக்குள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிடுச்சு. எஞ்சினைப் பிரிக்கணும். நாலு நாள் ஆகும்," என்றார்.

நாலு நாள் அவளிடம் இல்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் நிறுத்தினாள். நான் துணி எடுக்க வெளியே வந்தேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினாள். பத்து நிமிஷம் வாசற்படியில் நின்றாள். பிறகு குச்சியை எடுத்துத் துடைத்து, வைத்து, எடுத்தாள். மேல்கோட்டுக்கும் மேலே, குச்சியின் கழுத்துவரை ஈரம்.

"இங்க வாங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "யாரு ஆயில் ஊத்தினது?"

உள்ளே மிஷின் சத்தம் நின்றது. "நீதானே பாத்துக்கச் சொன்னே. குச்சி காஞ்சு கிடந்துச்சு. ஒரு டம்ளர் விட்டேன்."

"எந்த ஸ்டாண்டுல வச்சுப் பாத்தீங்க?"

"நீ நிறுத்திட்டுப் போன ஸ்டாண்டுலதான்."

"சைடு ஸ்டாண்டா? வண்டி இடப்பக்கம் சாஞ்சா ஆயிலும் இடப்பக்கம்தானே போகும். வலப்பக்கம் குச்சியில எப்படித் தெரியும்?"

"தூக்கி நிறுத்த எனக்கு உடம்புல என்ன இருக்கு? ஏதோ நம்ம வண்டியாச்சேன்னு தினம் காலையில அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வேற வச்சேன். அதுக்கும் திட்டு."

மாடிக் கைப்பிடிச் சுவரில் வீட்டுக்காரர் தலை எட்டிப்பார்த்தது. "என்ன கொசு, ஆயில் பத்தலையா? நான்கூட ஒரு கால் லிட்டர் விட்டேனே. என் கைக்காசு போட்டு வாங்கினது."

"குச்சி பாத்தீங்களா மாமா?"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் குச்சி பாப்பானா? சத்தத்தை வச்சே சொல்லிடுவேன்."

"வண்டி நின்ன இடத்தை விட்டு நகரவே இல்லையே மாமா. மாடியிலேருந்து என்ன சத்தம் கேட்டீங்க?"

தலை மறைந்தது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எண்ணெய்க் கேனில் என் பெயர் எழுதவில்லை. ஆனாலும் சொன்னேன். "நானும் நூறு மில்லி விட்டேன்."

"சிஸ்டர், நீங்களுமா?"

தையல்காரர் எஞ்சினை ஓடவிட்டு அணைத்த மறு நிமிஷமே நான் குச்சியை எடுத்துப் பார்த்திருக்கிறேன். மேலே ஏறிய ஆயில் கீழே வடிய நேரம் கொடுக்கவில்லை. கீழ்க்கோட்டுக்கும் கீழே இருப்பதாகத் தோன்றியது. மருந்து அளக்கும் குவளையில் நூறு மில்லி அளந்து ஊற்றினேன். அளந்து செய்தாலும் தப்பு தப்புதான். வார்டில் காலை ஷிப்டு கொடுத்த மாத்திரையை எழுதி வைக்காமல் போனால் மாலை ஷிப்டு அதையே மறுபடி கொடுக்கும். அப்படிச் செய்தவர்களை நான் எத்தனை பேர் முன்னால் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். இங்கே மூன்று ஷிப்டு, ஒரு எழுத்தும் இல்லை. ஒரு லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் அரை லிட்டர் கூடுதல்.

"அப்ப ரிங் போகலையோ என்னவோ," என்றாள் கொசு. முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஆயில் ஜாஸ்தியானா காத்து இழுக்கிற பக்கம் ஏறி, அங்கேருந்து உள்ள போய் எரியும். அதுவும் நீலப்புகைதான்."

காற்று வடிகட்டியின் டப்பாவைத் திறந்தாள். உள்ளே இருந்த ஸ்பாஞ்சு எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அவள் நினைத்தது சரியாக இருக்கலாம். ரிங்கும் போயிருந்தால் எதைச் செய்தாலும் பயனில்லை. அது மறுநாள்தான் தெரியும்.

முதலில் கூடுதலை இறக்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் இறக்கும் போல்ட் இருக்கிறது. படுத்துக்கொண்டு ஸ்பேனரைப் போட்டாள். போல்ட்டின் தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தது; ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை அவள் போடவில்லை. தலை முழுக்கப் போய்விட்டால் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

எழுந்து கையைத் துடைத்தாள். "சிஸ்டர், மூக்கு வழியா சாப்பாடு கொடுக்கிற குழாய் புதுசா ஏதாவது இருக்கா? பெரிய சிரிஞ்சும்?"

இருந்தது. குழாயையும் ஐம்பது மில்லி சிரிஞ்சையும் கொடுத்தேன். குச்சி வரும் ஓட்டை வழியாகக் குழாயை உள்ளே விட்டாள். வெறுமனே திணிக்கவில்லை, இரண்டு விரலில் உருட்டி உருட்டி, வழி பார்த்து இறக்கினாள். மெக்கானிக் கடைவரை போய்வந்த சூடு எஞ்சினில் மிச்சம் இருந்ததால் ஆயில் இளகி இருந்தது. சிரிஞ்சின் பிடியை மெல்ல இழுத்தாள். கறுப்பாக ஏறியது.

"கொசு புத்தி போகுமா?" என்றார் மாடியிலிருந்து வீட்டுக்காரர். "வண்டிக்கும் உறிஞ்ச ஆரம்பிச்சுட்டா."

"கீழ வந்து இதை ஊத்த ஒரு டப்பாவைப் பிடிங்க மாமா. கால் லிட்டர் உங்களோடது."

வந்து பிடித்தார். தையல்காரர் எண்ணினார். நான் ஒரு காகிதத்தில் எழுதினேன். ஏழாவது இழுப்புக்கு மேல் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் குச்சியை வைத்துப் பார்த்தாள். ஒன்பதாவதில் ஈரம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றது. நானூற்றைம்பது மில்லி. மீதி ஐம்பதைப் புகையாகத் தெருவுக்குக் கொடுத்திருக்கிறாள்.

ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் நாலு தடவை கசக்கி, பிழிந்து, தையல்காரரின் மிஷினுக்கு மேலே ஓடும் ஃபேனுக்குக் கீழே காயப்போட்டாள். "தைக்கிற துணியில சொட்டினா நீதான் பதில் சொல்லணும்," என்றார் அவர். காய்ந்ததும் லேசாக எண்ணெய் தடவி மாட்டினாள். ஸ்டார்ட் செய்தாள். புகை வந்தது.

காலையில் வந்ததைவிடக் குறைவு. ஆனால் வந்தது. நாங்கள் மூன்று பேரும் குற்றவாளிகள்போல வரிசையாக நின்றோம்.

"சைலன்சருக்குள்ள ஒட்டியிருக்கிறது எரியணும்," என்றாள். எங்களுக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தாள். எனக்கும் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்ததால் பின்னால் ஏறிக்கொண்டேன். நேரே போகவில்லை. மேம்பாலத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கினாள். முதல் தடவை நான் திரும்பிப் பார்த்தபோது மெல்லிய நூல்போல நீலம் இருந்தது. இரண்டாவது தடவை, "பாத்து சொல்லுங்க சிஸ்டர்," என்றாள்.

"ஒண்ணும் இல்லை."

"நல்லாப் பாருங்க. கண்ணாடி போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன். ரோட்டைப் பாத்து ஓட்டு."

பரிசோதனைக் கூடத்து வாசலுக்கு ஏழு மணிக்கு மேலாளர் வந்தார். சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து எஞ்சினை முடுக்கச் சொன்னார். தாளில் கொஞ்சம் கரித்தூள் படிந்தது. எண்ணெய்ப் பொட்டு இல்லை. குச்சியை எடுத்துக் காட்டச் சொன்னார். கொசு சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, "அஞ்சு நிமிஷம் பொறுங்க சார். இப்பப் பாத்தா பொய் சொல்லும்," என்றாள். பொறுத்தார். பார்த்தார். ஹாரன் சத்தம் போதாது, இந்த வாரத்துக்குள் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சந்துச் சுற்று அவளுக்கே என்றார்.

எனக்கு ரத்தம் எடுத்துக் குப்பியை உள்ளே கொடுத்துவிட்டு, ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டினாள். நான் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னேன். முதல் வீடு வழியில்தான் என்று ஏற்றிக்கொண்டாள். அங்கே ஒரு தாத்தா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஏழரைக்கு வரச் சொன்னதாகவும் இப்போது ஏழு நாற்பது என்றும், வெறும் வயிற்றில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் நிற்பான் என்றும் கேட்டார். கொசு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, நரம்பைத் தேட ஆரம்பித்தாள்.