பழைய சாவியின் மேல் புதுச் சாவி

எங்கள் அலுவலகத்தில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். நாங்கள் எழுதும் புரோகிராம்களெல்லாம் தூரத்து சர்வர் ஒன்றில் இருக்கின்றன. அதற்குள் யாரை விடுவது என்பது அவர் கையில்தான் இருந்தது. ஒருநாள் மேலாளர் அந்தப் பொறுப்பைச் சிடுமூஞ்சியின் மச்சினனிடம் கொடுத்தார். மனுஷனுக்கு அன்று பிடித்தது வயிற்றெரிச்சல். அவனை வேலைக்குச் சிபாரிசு செய்ததே இவர்தான், அது வேறு!

புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மச்சினன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். "இந்தக் கட்டளையைத் தட்டினா ரெண்டு சாவி வரும், சாவின்னா சின்ன ஃபைல்தான். ஒண்ணு உங்க கம்ப்யூட்டரை விட்டுப் போகக்கூடாது. இன்னொண்ணு பொதுச் சாவி, அதை நான் சர்வர்ல ஏத்திடுவேன். அப்புறம் பாஸ்வேர்டே வேணாம்."

"எவ்வளவு அழகா சொல்றீங்க!" என்றாள் அவள்.

இவருக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கு இவ்வளவு நேரமாடா? இங்க பாரும்மா" என்று தன் கணினியில் அதே கட்டளையைத் தட்டினார். ஏற்கெனவே சாவி இருக்கிறது, அதன் மேலேயே எழுதவா என்று அது கேட்டது. படித்தால்தானே? சரி என்று தட்டிவிட்டார்.

சர்வருக்குத் தெரிந்த அவருடைய ஒரே சாவி அதோடு அழிந்தது. உள்ளே போகப் பார்த்தார். அனுமதி இல்லை என்றது.

மச்சினன் சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பாவி சிரிக்கவில்லை.

"உங்க பொதுச் சாவியை அனுப்புங்க மாமா" என்றான். "இந்தப் பொண்ணுக்கு முடிச்சிட்டு உங்களை உள்ள விடறேன்."