ஊர் பார்க்க வந்தவர்களும் ஹார்பரில் இருந்தவனும்

காசுக்குச் சோறு போடுகிற தொழிலில் உலை வைப்பது கஷ்டமில்லை, சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு வந்து, "இந்த ஊர்ல பாக்க என்னா இருக்குது?" என்று கேட்கிறாரே, அதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். என்னைப் போல நாலு பேருக்கு இலை போட்டுப் பிழைக்கிற தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், செஞ்சிப் பக்கமிருந்து வருகிற ஆற்றின் கரையில் இருக்கிறது. வீட்டுக்காரர் போன பிறகு, ரயிலடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டிலேயே சைவச் சாப்பாடு போட ஆரம்பித்தேன். பெண்ணைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. பையன் சிவலிங்கத்துக்குப் பட்டணத்தில், ஹார்பர் கிடங்கில் வேலை. ஜப்பான்காரன் பட்டணத்தில் குண்டு போடப் போகிறான் என்று பேச்சுக் கிளம்பியதும், அங்கத்திய ஜனம் மூட்டை முடிச்சோடு ரயிலேறி வந்து எங்கள் ஊர்களில் இறங்கியது. என் வீடு நிறைந்துவிட்டது. அத்தனை பேர் இறங்கிய ரயிலில் என் பிள்ளை மட்டும் இல்லை. வந்தவர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தான்: "எல்லாரும் ஓடியாந்துட்டா கப்பல் சரக்கை யாரு எறக்கறதுன்னு அம்மாகிட்ட கேளுங்க."

ஆறு எங்கே?

முதலில் வந்தவர் ஒரு கம்பெனி குமாஸ்தா. சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டதும், பழக்க தோஷத்தில், "ஆத்துல போயி நல்லா குளிச்சிட்டு வாங்க" என்றேன். துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு போனவர்கள் தலைகூட நனையாமல் திரும்பி வந்தார்கள். "ஆறு எங்கேம்மா? மணல்ல நடந்து அந்தப் பக்கத்துத் தோப்புக்கே போயிட்டோம்" என்றார் அவர். "நீங்க நடந்துகினு போனதுதாங்க ஆறு" என்றேன். சித்திரை மாதம் என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் அந்த அம்மாளை நானே கூட்டிக்கொண்டு போனேன். மணலைத் தோண்டி ஊற்று எடுத்துக் காட்டினேன். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும். அதைக் கொட்டாங்கச்சியால் இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிகிற வரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அந்த நேரத்தில் பிள்ளை பேரைச் சொல்லி வேண்டிக்கொள்வது வழக்கம். அந்த அம்மாள் குழியையும் பார்த்தாள், முணுமுணுக்கிற என் வாயையும் பார்த்தாள். "எங்க வீட்ல குழாயைத் திருகினா வந்துடும். இங்க தண்ணியைக்கூட மந்திரம் சொல்லித்தான் கூப்புடணுமா?"

மில் சங்கு

எங்கள் ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில் ஒன்று உண்டு. காலையில் அதன் சங்கு ஊதினால்தான் பலர் வீட்டில் உலையே ஏறும். புதிதாக வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு கூட்டம் வந்திறங்கிய மறுநாள் காலை சங்கு ஊதியதும், குண்டு போட வந்துவிட்டான் என்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து ஓடினார்கள். ஒருவர் மாட்டுக்கொட்டகைக்குள் புகுந்தார். பென்ஷன் வாங்கிய பெரியவர் ஒருவர், கையில் தட்டோடு என் சமையற்கட்டு பெஞ்சுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. இங்கே ஊதுவது மல்லாட்டைக்கு. பட்டணத்தில் ஊதினால் என் பிள்ளை எந்தப் பெஞ்சுக்கு அடியில் போவான்? முருகா முருகா என்று நான் நின்ற இடத்திலேயே நிற்க, கீழேயிருந்து தட்டு மட்டும் வெளியே வந்தது. "குண்டு இல்லேன்னா இன்னும் ரெண்டு இட்லி வைம்மா."

மயிலம் போங்க

அதற்குப் பிறகு, யார் என்ன கேட்டாலும் என் பதில் ஒன்றே ஒன்றாகிவிட்டது: "மயிலம் போங்க." ரயிலில் கொஞ்ச தூரம், சின்ன மலை, நல்ல காற்று என்பேன். உண்மைக் காரணம் வேறு. சிவலிங்கத்துக்காக அந்த மலைமேல் இருக்கிற முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். அடுப்பை விட்டு என்னால் நகர முடியவில்லை. அதனால் போகிறவர்கள் கையில் ஒரு சூடக்கட்டியைக் கொடுத்து, "எம்புள்ள சிவலிங்கம் பேருக்கு ஏத்திடுங்க" என்று கேட்டுக்கொள்வேன். கால்வலிக்காரர்களைக்கூட விடவில்லை.

ஒரு சுயமரியாதைக்காரரிடமும் கொடுத்துவிட்டேன். அவர் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. மற்றவர்கள்தான் பிறகு சொல்லிச் சிரித்தார்கள். சாயங்காலம் அவர் திரும்பி வந்ததும், தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஏத்திட்டுத்தாம்மா வந்தேன். உங்க புள்ள பேரைச் சொன்னேன், சாமி பேரைத்தான் சொல்லலை."

உப்பு

ஆபீசுக்காகவோ, பூட்டிய வீட்டைப் பார்க்கவோ பட்டணம் போகிற ஆண்களுக்கும் நான் ஒரு வேலை வைத்தேன்: ஹார்பர் வாசலில் நின்று சிவலிங்கத்தைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும். பாவம், முகம் சுளிக்காமல் செய்தார்கள். "நல்லாத்தான் கீறான், கறுத்துட்டான்" என்று வந்து சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஓட்டுவேன்.

ஒரு சனிக்கிழமை குமாஸ்தா வந்து, "உங்க புள்ளைய வேற கெடங்குக்கு மாத்திட்டாங்களாம். எங்கேன்னு வாசல்ல யாருக்கும் தெரியலை" என்றார். அடுத்த சனிக்கிழமையும் அதே பதில். வெளிச்சம் தெரியக்கூடாது என்று பட்டணத்தில் விளக்கையெல்லாம் மறைத்துவிட்டதாக அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழும்போதெல்லாம், அந்த இருட்டில் அவன் மூட்டையோடு நடப்பது போலவே இருக்கும். என் கை அடுப்பில் இருந்தது, நினைப்பு அங்கே இருந்தது. பென்ஷன்காரர் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்: "சாம்பார்ல ரெண்டு தடவை உப்பு உழுந்திருக்குது, புள்ள சேதி இன்னும் வரலையாம்மா?"

ரெண்டு நாள் லீவு

ஒரு நாள் மத்தியானப் பந்தியில், வாசலில் யாரோ பையோடு வந்து நின்றது தெரிந்தது. நிமிர்ந்து பார்க்காமலே, "அடுத்த பந்தியில உக்காருங்க" என்றேன். "உக்கார்றேன், இந்த ஊர்ல பாக்க என்னா இருக்குதும்மா?" என்றது குரல். கறுத்து, கன்னம் ஒட்டி, என் சிவலிங்கம். நான் பரிமாறிக்கொண்டிருந்த ரசம் குமாஸ்தாவின் இலையைத் தாண்டி ஓடியது. எப்படியடா விட்டார்கள் என்று கேட்டேன். "மேஸ்திரிதான் தொரத்திவுட்டாரு. ‘ஜப்பான்காரன் இன்னும் ஒரு தடவைகூட வரலை, உங்கம்மா ஆளுங்க நாள் தவறாம வாசல்ல வந்து உன்னைத் தேடறாங்க. ஜல்தியா போயி மூஞ்சியைக் காட்டிட்டு வாடா’ன்னாரு."

ரெண்டு நாளும் தின்றான், தூங்கினான், ஊற்றுத் தண்ணீரில் குளித்தான். இங்கேயே இருந்துவிடேன் என்று கேட்டேன். கூட வேலை செய்கிறவர்களை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றான். ரயில் வந்ததும் அவன் கையில் ஒரு சூடக்கட்டியை வைத்து, மயிலத்தில் இறங்கி ஏற்றிவிட்டுப் போ என்றேன். அவன் சிரித்துக்கொண்டே அதை என் கையிலேயே திருப்பி வைத்தான். "பட்டணத்து ஜனமே எனக்கு ஏத்திட்டுதும்மா. இதை நீயே வச்சிக்கோ, நாளைக்கு யாராச்சும் பாக்க என்னா இருக்குதுன்னு கேப்பாங்க."

ஆகவே, எங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்களும் கேட்டால், தண்ணீர் இல்லாத ஓர் ஆறும், தூரத்தில் ஒரு மலையும், ரயில் சத்தம் கேட்டால் கரண்டியோடு வாசலுக்கு ஓடி வருகிற ஒரு பொம்பிளையும்தான் என்று சொல்லவேண்டும்.