தண்ணீர் விடாத வரிசை

எழுபதுகளில் சிட்னியில் மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் விடுமுறை நாட்களில் கடற்கரைக்குப் போனார்கள். என் அப்பா என்னை இழுத்துக்கொண்டு பயற்றங்காய் அளக்கப் போனார். யாழ்ப்பாணத்தில் விவசாய உத்தியோகத்தராக இருந்தவர், இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் விவசாய ஆராய்ச்சிப் பட்டத்துக்காக வந்திருந்தார். பல்கலைக்கழகத் தோட்டத்தில் ஒரு வரிசைக்குத் தண்ணீர் விடுவார். பக்கத்து வரிசைக்கு ஒரு சொட்டும் கிடையாது. வாடட்டும், எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சியாம். இதற்கு ஒரு பல்கலைக்கழகமா!

எட்டு வயதுக்காரியான எனக்குக் கொப்பியில் எழுதும் வேலை. இலை எத்தனை, காய் எத்தனை, மேகம் இருந்ததா. இல்லாத மேகத்தை இருந்ததாக எழுதினால் அழித்து எழுத வைப்பார். கறிக்கு நாலு காய் கேட்ட அம்மாவுக்கும், "நிறுக்காமல் ஒண்டும் தரேலாது" என்பதுதான் பதில்.

"இந்தக் கண்டறியாத பயிர் காய்ச்சு முடிஞ்சாத்தானே ஊருக்குப் போகலாம்" என்று அம்மா குசினியில் சமைத்தபடி நாள்தோறும் புறுபுறுத்தார். வைகாசியில் ஊரில் சித்திக்குக் கலியாணம்.

காய்த்தால் முடிந்துவிடுமென்றால் காய்க்க வைத்தால் போகிறது. அப்பா கொட்டகைக்குள் காய் நிறுக்கும் நேரமெல்லாம் நான் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வாடிய வரிசைக்கு ஊற்றினேன். அது நிமிர்ந்து பூத்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

விவசாயிகள் வந்து பார்த்துக் கற்கும் நாள் வந்தது. மழையே காணாத பண்ணைக்காரர் ஒருவர் அந்த வரிசையின் விதைதான் தனக்கு வேண்டும் என்றார். பேராசிரியர் அப்பாவின் தோளில் தட்டினார். பாராட்டெல்லாம் விதைக்கே போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, நான்தான் தண்ணி ஊத்தினனான்."

தமிழில் சொன்னதால் வேறு யாருக்கும் விளங்கவில்லை. அப்பா குந்தியிருந்து என் முகத்தைப் பார்த்தார். "எத்தனை வாளி, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து, இந்த வரிசைக்குத் தண்ணீர் போய்விட்டது, விதையை நம்பி விதைக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த கோடையில் முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

"தமிழிலைதானே சொன்னவள்! பேசாமல் இருந்திருக்கலாம்தானே?" என்று அம்மா வெடித்தார். சித்தியின் கலியாணம் நாங்கள் இல்லாமலே நடக்கப் போகிறது.

அன்று மாலை அப்பா கொப்பியை என்னிடம் தரவில்லை. தானே எழுதினார். எட்டிப் பார்த்தேன். வாளிக் கணக்கு சரியாக இருந்தது. ஆனால் தண்ணீர் ஊற்றியது தான்தான், பிழை தன்னுடையது என்று எழுதியிருந்தார். முதுகு நோகச் சுமந்தவள் நான், பெயர் அவருக்கா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக கிழமை ஏழு நாளும் அவரோடு கதைக்கவில்லை.