நேரில் சொல்வதாக எழுதிய வரி

அலுவலகத்தில் புதிய வேலைத்திட்டம் ஒன்று தொடங்கினால் என்னிடம் முதலில் கேட்பது ஓர் அட்டவணையைத்தான். யாருக்குச் சொல்ல வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எப்போது, எந்த வழியில், யார் சொல்வது. அதற்குக் கொமியூனிகேசன் பிளான் என்று பெயர். அதைப் போடுவதில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, சம்பளமே அதற்குத்தான் தருகிறார்கள். ஆனால் கணினியில் அந்த வெற்றுக் கட்டங்கள் விரிந்தவுடன் யாரோ பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆறு வருடமாக இப்படித்தான்.

வந்து நிற்பவர் செத்துப்போனவர் இல்லை. இங்கே சிட்னியில், பென்டில் ஹில்லில் உயிரோடு இருக்கிறார். அதுதான் பெரிய தொல்லை. செத்தவர் என்றால் கோயிலில் ஒரு மோட்ச அர்ச்சனை செய்துவிட்டு மனத்தை ஆற்றிக்கொள்ளலாம்.

அப்போது நான் ஆஸ்பத்திரிகளுக்குக் கையுறை, ஊசி, கட்டுத்துணி அனுப்புகிற ஒரு கம்பனியில் இருந்தேன். மேற்கு சிட்னியில் ஒரு பெரிய களஞ்சியம். அதன் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எங்கள் அலுவலகம். மறு மூலையில், திரும்பி வருகிற பொருட்களைப் பார்த்துப் பிரிக்கிற பகுதி. அங்கே ஒரே ஓர் ஆள்தான். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஊரில் எங்களுக்கு அடுத்த ஊர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு. நான் வேலைக்குச் சேர்ந்து லைசென்ஸ் எடுக்கும் வரை, மூன்று மாதம், தினமும் காலையில் டூங்கபியில் என் வீட்டு வாசலில் காரோடு வந்து நிற்பார். ஹோர்ன் அடிக்க மாட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்பிவிடுமாம். அப்படி ஒரு மனுசன்.

அவருடைய மனைவிக்கு, எனக்கு அக்கா முறை, சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமையில் மூன்று நாள் டயலிசிஸ். வேலைத்தளத்திலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிடம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து அங்கே விடுவார், வேலை முடிந்து கூட்டிக்கொண்டு போவார். மெசினில் இருந்து இறங்கினால் அக்காவுக்குத் தலை சுற்றும், கை பிடிக்க ஆள் வேண்டும். அந்தக் குடும்பத்தின் சீவியம் முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நின்றது. இது எனக்கு வடிவாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

ஒரு நாள் களஞ்சியத்தை மூடப்போகிறோம் என்றார்கள். எல்லாம் தென்மேற்கில், ஒன்றேகால் மணி நேரத் தூரத்தில், இயந்திரங்களே பெட்டி தூக்குகிற ஒரு புது இடத்துக்குப் போகிறது. பழைய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிளை மட்டும் மிஞ்சும். அதில் நான்கு பேருக்கு வேலை. விரும்புகிறவர்கள் மூன்று கிழமைக்குள், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முன், ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அண்ணையின் அனுபவத்துக்கு, அவர் கையெழுத்து வைத்தாலே ஓர் இடம் நிச்சயம். செய்தியை எல்லாருக்கும் முறையாகச் சொல்கிற அட்டவணையைப் போட்டது நான்.

களஞ்சியத்தில் மற்றவர்களுக்கு அவரவர் சுப்பர்வைசர் சொல்வார். அண்ணைக்குச் சுப்பர்வைசர் கிடையாது. அவர் பழைய மனேஜருக்குக் கீழே இருந்தவர், அந்த மனேஜரும் விலகிவிட்டார். "இவருக்கு மின்னஞ்சல் போட்டுவிடலாமா?" என்று என் மேலாளர் கேட்டாள். வெள்ளைக்காரி, நல்லவள், எதையும் விடாமல் கேட்பாள். நான் பாய்ந்து விழுந்தேன். எங்கள் ஆட்களுக்கு இப்படியான செய்தியை மின்னஞ்சலில் சொல்வது அவமரியாதை, நேரில் போய் நானே சொல்கிறேன் என்றேன்.

பொய்யும் இல்லை. சிட்னியில் இன்றைக்கும் கலியாண அழைப்புக் காட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிற சனம் நாங்கள். வட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால், கலியாணம் நடப்பது ஊருக்கே தெரிந்திருந்தாலும், "எங்களுக்கு ஆர் சொன்னது?" என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். வந்து சொன்னால்தான் சொன்னது.

அடுத்த நாள் கூட்டத்தில் மேலாளர் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினாள். ஆளுக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுதான் உதாரணம் என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அண்ணையின் வரியில் 'நேரில்' என்று எழுதி, யார் சொல்வது என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். எப்போது என்ற கட்டத்தை விட்டுவிட்டேன். எங்கட ஆளோடு கதைக்கத் திகதி குறிக்க வேண்டுமா என்ன?

திங்கட்கிழமை போனேன். "வாங்கோ தங்கச்சி, சாப்பிட்டாச்சோ?" என்றார். அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட முதல் ஒருவருக்கு இப்படிச் சொல்லக்கூடாது என்று திரும்பி வந்தேன். அடுத்த நாள் செவ்வாய், கெட்ட செய்திக்கு ஆகாத நாள். புதன் அக்காவின் டயலிசிஸ். வெள்ளி விபூதிப் பூச்சோடு வந்து நின்றார், எப்படிச் சொல்வது? அடுத்த கிழமை அமாவாசை, தகப்பனுக்கு விரதம். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. மரியாதை, மரியாதை என்று என் கோழைத்தனத்துக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டேன். அந்த மனுசனின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பயம், அவ்வளவுதான் விசயம்.

ஒவ்வொரு கிழமையும் மேலாளர் வரி வரியாகக் கேட்பாள். சொல்லி முடித்த வரிக்குப் பச்சை நிறம் பூச வேண்டும். இரண்டாவது கிழமை எல்லா வரியும் பச்சை, அண்ணையின் வரி மட்டும் வெள்ளை. "இது?" என்றாள். "முடிந்தது" என்று அங்கேயே பச்சையாக்கினேன். பின்னேரமே போய்ச் சொல்லிவிடுவேன், அப்போது பொய் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். பின்னேரம் அவர் அக்காவோடு ஆஸ்பத்திரியில் இருந்தார்.

மூன்றாவது கிழமை புதன்கிழமை அக்காவுக்குக் கிருமி தொற்றி, வீட்டுக்கு விடாமல் ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். அண்ணை லீவு. வியாழன் மத்தியானம் போன் எடுத்தேன்.

"அக்காவுக்கு எப்பிடி அண்ணை?"

"காய்ச்சல் விட்டிட்டுது தங்கச்சி. நாளையிண்டைக்கு வீட்ட விடுவினம். வேற என்ன?"

ஆஸ்பத்திரி மெசின் ஒன்று அந்தப் பக்கம் விட்டு விட்டுச் சத்தம் போட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிற மனுசனுக்குப் போனில் சொல்கிற விசயமா இது?

"ஒண்டுமில்லை அண்ணை. அக்காவைப் பாருங்கோ. நேரில கதைப்பம்."

"ஓம்" என்றார். "நேரில கதைப்பம்."

வெள்ளிக்கிழமை ஐந்து மணி வந்தது, போனது.

திங்கட்கிழமை காலையில் மனிதவளப் பகுதிக்கு ஓடினேன். மனைவிக்குச் சுகமில்லை, இவருக்கு மட்டும் ஒரு நாள் கூடுதலாகத் தாருங்கள் என்று கெஞ்சினேன். அங்கே இருந்த பெண் என்னுடைய அட்டவணையையே திறந்து பார்த்தாள். "இவருக்கு இரண்டாவது கிழமையே சொல்லியாகிவிட்டதே. சொல்லாமல் விட்டிருந்தால் நேரம் கொடுக்கலாம். சொன்ன பிறகு கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம்" என்றாள். வழி அங்கேயே திறந்து கிடந்தது. நான் சொல்லவில்லை, பொய்யாகப் பச்சை பூசினேன் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். என் வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். "சரி" என்று எழும்பி வந்தேன். சீ, என்ன பிறவி நான்!

அடுத்த நாள் அண்ணை வேலைக்கு வந்தார். போய்ச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, அவர் சாப்பிட முதல். "ஓம் தங்கச்சி, கேள்விப்பட்டனான்" என்றார். முகம் மாறவே இல்லை. என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லி, தன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சனி ஞாயிறுதான் யாரோ சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

களஞ்சியத்தை மூடிய நாளில் கடைசிச் சுற்றுப் பார்க்க என்னை அனுப்பினார்கள். பட்டப்பகல். தட்டுகள் எல்லாம் கழற்றி, வெறும் சீமெந்துத் தரை. ஆள் நடந்தால் தானாகப் பற்றுகிற விளக்குகள் அங்கே. நான் வாசலில் அசையாமல் நிற்கிறேன், தூர மூலையில், அண்ணை இருந்த பக்கம், ஒரு விளக்குப் பற்றியது. பிறகு அதற்கு அடுத்தது. அடுத்தது. என்னை நோக்கி யாரோ ஆறுதலாக, மெல்ல மெல்ல நடந்து வருகிற மாதிரி. புறா புகுந்திருக்கும் என்று காவலாளி சொன்னான். இருக்கலாம். நான் கதவுத் திறப்பை அவன் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினேன்.

அண்ணை புது இடத்துக்கு இரண்டு மாதம் போய் வந்தார். பிறகு விட்டுவிட்டார். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் காலைத் துப்புரவு வேலை, பின்னேரம் இன்னோர் இடத்தில். டயலிசிசுக்கு அக்கா கவுன்சிலின் வான் வண்டியில் தனியாகப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கடைத்தெருவில் யாராவது "தங்கச்சி" என்று கூப்பிட்டால் திரும்பாமல் நடையைக் கூட்டுவேன். நானும் கம்பனி மாறிவிட்டேன். சம்பளமும் பதவியும் கூடியிருக்கிறது.

போன மாதம் பென்டில் ஹில்லில் எங்கள் கடை ஒன்றில் கத்தரிக்காய் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்து நின்றது அக்கா. பாதியாகக் கரைந்திருந்தார். டயலிசிசுக்குப் போகிற வானால் இறங்கும்போது விழுந்ததாம், ஒரு கையில் கட்டுப் போட்டிருந்தது.

"நீங்கள் அவரோட வேலை செய்த பிள்ளையெல்லே?" என்று சிரித்தார். என்னால் தாங்க முடியவில்லை. ஆறு வருடத்துப் பேச்சு வாயில் முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, நான் அவருக்குப் பிந்திச் சொல்லிப்போட்டன். முதலே தெரிஞ்சிருந்தால் பக்கத்திலயே வேலை கிடைச்சிருக்கும்."

"அவருக்குத் தெரியுமே" என்றார் அக்கா. "முதல் கிழமையே வேலையிடத்துப் பெடியள் ஃபோமும் குடுத்து விட்டவங்கள். குசினி மேசையில மூண்டு கிழமை கிடந்தது. நிரப்புங்கோ எண்டு நான் கரைச்சல் குடுத்தனான். கேட்டால்தானே."

"ஏனக்கா நிரப்பேல்லை?"

"எனக்குரிய விசயமெண்டால் அந்தப் பிள்ளை வந்து சொல்லும் எண்டார். சொல்லாததை நாங்கள் போய்க் கேட்டால் அந்தப் பிள்ளைக்குச் சங்கடமாம். கடைசி நாளுக்கு முதல் நாள் நீங்கள் போன் எடுத்தியளெல்லே, நான் ஆஸ்பத்திரியில. உங்கட நம்பரைக் கண்டவுடன சிரிச்சுக்கொண்டு, சொல்லுறதைக் குறிச்சுக்கொள்ளப் பேனையைக் கையில எடுத்தவர்."

நான் கத்தரிக்காய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"பிறகு போனை வைச்சிட்டு, எங்களுக்கு இல்லைப் போல எண்டு சொன்னவர். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கேல்லை."

நடுக் கடையில் விம்மி அழுதேன். அக்கா நல்ல கையால் என் முதுகைத் தடவினார். "போகட்டும் பிள்ளை. உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பியள் தானே" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.