பழைய பிராசஸர் தேவைப்பட்டபோது

கூலிம் நகரின் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நாள்களில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துவந்தேன். இருந்த மடிக்கணினி திணறத் தொடங்கியதும், பாகங்களை வாங்கி நானே ஒரு கணினியைப் பூட்டிக்கொள்ள முடிவு செய்தேன். மதர்போர்டு, கூட வேலை செய்யும் பெண் பெட்டி பிரிக்காமல் வைத்திருந்த பழைய மாடல். பிராசஸர் புதிது. இரண்டுக்கும் ஒரே சாக்கெட் என்பதை மட்டும் பார்த்துவிட்டு, பொருந்திவிடும் என்று நம்பினேன்.

சுவிட்சைப் போட்டபோது காற்றாடிகள் சுழன்றன. திரை கறுப்பாகவே இருந்தது.

டவுனில் கணினிக் கடை வைத்திருப்பவரிடம் தூக்கிப் போனேன்.

"பிராசஸர் சாக்கெட்ல உக்காரும் லா அக்கா. ஆனா இந்த போர்ட் வந்தப்ப இந்த பிராசஸரே வெளியாகல. அதுக்கு இது யாருன்னே தெரியாது. போர்டுக்குள்ள இருக்கிற பயாஸ் சாஃப்ட்வேர அப்டேட் பண்ணணும்."

"பண்ணிக் குடுங்க தம்பி."

"அதுக்கே பழைய பிராசஸர் ஒன்னு போட்டு ஆன் பண்ணணும். எங்கிட்ட இல்ல. தெரிஞ்சவங்ககிட்ட இருக்கா பாருங்க."

இருந்தது. விவாகரத்தின்போது என் முன்னாள் கணவர் எடுத்துப்போன கணினியில் அதே சாக்கெட்டுக்கான பழைய பிராசஸர்தான். பிரிந்த பிறகு நாங்கள் வழக்கறிஞர்கள் வழியாக மட்டுமே பேசியிருந்தோம். பக்கத்து ஊரான கராங்கானின் கல்யாண வீட்டுக்காரர்கள் வீடியோ கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அழைத்தேன்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்டவர், "ஞாயித்துக்கெழம வரேன். கழட்டத் தெரியாது, முழுசாவே கொண்டாறேன்" என்றார்.

சொன்னபடி, இப்போது தான் இருக்கும் மீன்பிடி ஊரான தஞ்சோங் டாவாயிலிருந்து கணினியைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார். எங்கே வைப்பது என்று விருந்தாளிபோலக் கேட்டார். மேசையைக் காட்டினேன். காற்றாடியோடு சேர்ந்த குளிர்விப்பானை அவரே இழுத்தார். அடியிலிருந்த பசை காய்ந்து இறுகியிருந்ததால் பிராசஸரும் அதோடு பிய்ந்து வந்துவிட்டது. அதன் அடிப்பக்க ஓரத்தில் சில ஊசிகள் சாய்ந்திருந்தன.

"போச்சு" என்றார்.

"லைட்ட காட்டுங்க."

அவர் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டார். நான் பிளேடின் முனையால் ஊசிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஒன்று உடைந்தாலும் அவருடைய கணினி அவ்வளவுதான். கடைசியில் பிராசஸர் என் போர்டில் தானாகவே இறங்கி உட்கார்ந்தது. திரையில் எழுத்துகள் வந்தன.

அப்டேட் கோப்பிருந்த பென்டிரைவைச் செருகியபோது வெளியே இடி இடித்தது.

"பாதியில கரண்ட் போனா?"

"போர்ட் செத்துடும்."

"அப்ப மழ விடட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். காப்பி கலக்கிக் கொடுத்தேன். அவர் அங்கே மீனுக்கு ஐஸ் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் மீன் பொரித்தால் வாசலுக்குப் போய்விடுகிற மனிதர்.

"மீன் வாட பழகிடுச்சா?"

"இல்ல. வேல பழகிடுச்சு."

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "இந்த கம்ப்யூட்டர நான் எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாது. நீதான் இதுல வேல செஞ்சிக்கிட்டிருந்த" என்றார்.

அந்தப் பேச்சை அவரிடமிருந்து ஒரு காலத்தில் எதிர்பார்த்திருந்தேன். இப்போது கேட்டபோது கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"எங்கிட்ட விட்டுட்டுப் போயிருந்தா கோவத்துல வித்திருப்பேன்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

மழை விட்டது. அப்டேட் ஓடி முடியும்வரை இருவரும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் புதிய பிராசஸரை மாட்டியதும் போர்டு அதை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. அவருடையதை அவர் கணினியில் திருப்பிப் பூட்டி, ஓடுகிறதா என்று பார்த்த பிறகே காரில் ஏற்றினோம்.

அந்த வாரமே கல்யாண வீடியோவை முடித்துக் கொடுத்தேன். அவருக்கும் எனக்கும் இடையில் அதன் பிறகு பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. ஏதாவது கேட்கவேண்டியிருந்தால் வழக்கறிஞரைத் தேடாமல் நேராக அழைக்கிறார், அவ்வளவுதான். போன மாதம் அழைத்து, தன் கணினிக்குப் புதிய பிராசஸர் வாங்கலாமா என்று கேட்டார். முதலில் போர்டின் மாடல் எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன்.