தொம்மை மச்சாது விற்ற கோப்பை

உப்பு வியாபாரிகள் கால்பந்துக் கோப்பையைத் தொம்மை மச்சாது ஓர் இத்தாலி டிரான்சிஸ்டருக்கு விற்றுவிட்டார் என்பது தூத்துக்குடியில் இரண்டு வருஷமாக உறுதி செய்யப்பட்ட செய்தி. உறுதி செய்தவர்கள் சவரக்கடையில் ஒருவர், மீன் ஏலத்தில் ஒருவர், கோயில் வாசலில் ஏழெட்டுப் பேர். டிரான்சிஸ்டரின் நிறத்தில் மட்டும் கருத்து வேறுபாடு. கறுப்பு என்பவர்களும் சிவப்பு என்பவர்களும் இரண்டு கட்சியாக நின்றுவிட்டதால், நேரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்று போன மாதம் ஒரு மத்தியானம் திரேஸ்புரத்துக்குச் சைக்கிளை விட்டேன்.

ரேடியோச் சத்தத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார்கள். சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில். தொம்மையின் வீட்டில் இத்தாலிச் சாமான் என்று இருந்தது ஒரு பித்தளை விசில் மட்டும்தான். ஒரு விசிலுக்காக யாராவது கோப்பையை விற்பார்களா என்று அவரிடமே கேட்டேன்.

"நம்ம ஊர்ல விப்பான், அண்ணாச்சி. அது ஊதக் கூட வேண்டாம்" என்றார்.

நாற்பது வயது. ஒட்டிய வயிறு, அகன்ற மார்பு, உப்புத் தண்ணீரில் ஊறிச் சிவந்த கண். திரேஸ்புரம் அணிக்கு வெகுகாலம் ஸ்டாப்பர் பேக்காக ஆடியவர். அதைப்போல நன்றிகெட்ட உத்தியோகம் இன்னொன்று கிடையாது. கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கோல் விழாமல் காத்தவனிடம், எதிரணிப் பையன் கணுக்காலை ஏன் வீங்க வைத்தாய் என்று விசாரணை வைப்பார்கள். தொம்மை அதற்கெல்லாம் பதில் சொன்னதில்லை. வீங்கிய கணுக்காலுக்குப் போய் எண்ணெய் தேய்த்துவிட்டு வருவார்.

அவருக்குப் பின்னால் கோல் காத்தவர் கஸ்பார். தொம்மையின் மனைவி மரியசெல்விக்கு அண்ணன். இது தற்செயல் அல்ல. முத்துக் குளிப்பு கடைசியாக நடந்த அறுபத்தொன்றாம் வருஷம் தொம்மை கடலுக்குள் இறங்கியபோது வள்ளத்தில் கயிறு பிடித்தவரும் கஸ்பார்தான். இந்தக் கரையில் குளிக்கிறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்கவேண்டும். அண்ணன் தம்பியை நம்பமாட்டார்கள், பங்காளிக்குச் சொத்தில் ஒரு கண் இருக்கும். மச்சான் அப்படியில்லை, தங்கை தாலி அறுப்பதை அவன் பார்த்துக்கொண்டிருக்கமாட்டான். கீழிருந்து கயிறு அசைந்தால் தூக்கிவிடுவான். இதற்கு எழுத்து இல்லை, சாட்சி இல்லை, இதுவரை வழக்கும் வந்ததில்லை.

புதுத் துறைமுகம் திறந்தபின் தொம்மை அங்கே தேவகனி அண்ணாச்சியின் கப்பல் ஏஜென்சிக் கம்பெனியில் மூட்டை ஏற்றினார். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. ஓட்டம் குறைந்து ஆட்டத்தை விட்டுவிட்ட நேரம். அப்போது ஓர் இத்தாலிக் கப்பல் இயந்திரம் கெட்டு, மழைக்காலம் முழுவதும் துறையிலேயே கிடந்தது. அதில் பெப்பே என்று ஓர் இஞ்சினியர். அவரும் தம் ஊரில் பேக் ஆடி, பிறகு பையன்களுக்குக் கோச்சாக இருந்தவர். சாயங்காலம் துறைமுக ஆட்கள் பந்து உதைப்பதைப் பார்த்தவர் தொம்மையைக் கப்பலுக்குக் கூப்பிட்டார்.

பாடம் பிஸ்கட்டில் நடந்தது. பெப்பே மேல்தளத்தில் பிஸ்கட்டுகளை வரிசையாக அடுக்கினார். வரிசைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட்டைத் தனியாக வைத்தார். அவன் யாரையும் துரத்தவேண்டாம், முன்னால் நிற்பவன் ஏமாந்தால் அந்த ஓட்டையை அடைத்தால் போதும். தொம்மைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பின்னால் நிற்பவன் கயிறு பிடிக்கிறவன். உடனே அந்த பிஸ்கட்டைத் தொட்டு, "இவன் யாருக்கு மச்சான்?" என்று கேட்டார். பெப்பேவுக்குத் தமிழ் தெரியாது. சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் ஒரு கால்பந்துக் கொள்கை பிறந்தது.

பெப்பே தம் பித்தளை விசிலைப் பரிசாகக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனபின் தொம்மை தேவகனி கம்பெனி அணிக்குக் கோச் ஆனார். தடுப்பாட்டக்காரர்களைத் திறமை பார்த்து எடுக்கவில்லை, கல்யாணம் பார்த்து எடுத்தார். வலது பேக்கின் தங்கையை இடது பேக் கட்டியிருந்தான். இடது பேக்கின் அக்காள் ஸ்டாப்பருக்கு. எல்லோருக்கும் பின்னால், அந்தத் தனி பிஸ்கட்டின் இடத்தில், தம் மச்சான் கஸ்பார், முட்டுத் தேய்ந்து மாடிப்படி ஏறவே யோசிக்கிற வயதில். நாசரேத்திலிருந்து வந்த ஜெபசிங் என்ற இளைஞன் இவர்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடுவான். அவனுக்குக் கட்டிக்கொடுக்கத் தங்கை உண்டா என்று தொம்மை விசாரித்தார். இல்லை, இருந்தாலும் அவர்கள் வேறு சபை. ஜெபசிங் வெளியே உட்கார்ந்தான்.

சிரிக்கவேண்டாம். அந்த வருஷம் இறுதி ஆட்டம் வரை அந்த அணிக்கு எதிராக ஒரு கோல்கூட விழவில்லை. முன்வரிசை எப்படியோ ஒன்று போடும், பின்வரிசை குடும்பமாக நின்று அதைக் காக்கும். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. எமர்ஜென்சி நாட்கள், ஊரில் உரக்கப் பேச மைதானம் ஒன்றுதான் பாக்கி, அங்கேயும் கத்துவதற்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால் டிக்கெட் எடுத்தவன் என்ன செய்வான்? சம்பந்திகள் டீம் என்று பெயர் வைத்தார்கள். தேவகனி அண்ணாச்சிக்கு மட்டும் பிடித்திருந்தது. கோப்பை வந்தால் தொம்மைக்குச் சரக்கு எண்ணும் கிளார்க் வேலை, நிரந்தரம், என்று ஆட்கள் முன்னிலையில் சொன்னார். மரியசெல்வி அன்றைக்கே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார்.

இறுதி ஆட்டம் வெள்ளத்துரை கம்பெனியோடு. அவரும் கப்பல் ஏஜெண்டுதான், தேவகனிக்குத் தொழில் எதிரி. கடைசி விசிலுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. வெள்ளத்துரையின் ஆள் ஒருவன் ஸ்டாப்பரைத் தாண்டிப் பந்தோடு உள்ளே வந்தான். ஓட்டையை அடைக்கவேண்டிய கஸ்பார் குனிந்து பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். பந்து அவர் பக்கத்தில் உருண்டு உள்ளே போனது. அதன்பிறகும் முடிச்சை நிதானமாகப் போட்டு முடித்தார்.

தேவகனி அண்ணாச்சி மைதானத்துக்குள்ளேயே வந்து கேட்டார்:

"அவன் ஏம்ல அங்கன குனிஞ்சான்? யார் சொன்னா?"

கஸ்பாருக்கு முந்திக்கொண்டு தொம்மை சொன்னார்:

"நான்தான் சொன்னேன். ஆஃப்சைடுன்னு நெனச்சேன். என் தப்பு."

ஆஃப்சைடுக்கும் நாடாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கோச்சே சொன்னபின் எதற்கு விசாரணை? ராத்திரிக்குள் ஊர்ப்பேச்சில் விலை நிர்ணயமாகி, டிரான்சிஸ்டரும் வந்துவிட்டது. கிளார்க் வேலை போனது. மூட்டை ஏற்றவும் கூப்பிடவில்லை. மற்ற கம்பெனிகளும் மேட்ச் விற்கிறவன் சரக்கையும் விற்பான் என்று கதவைச் சாத்தின.

இதுவரை தொம்மை சொன்னார். ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்றதற்கு, மச்சான் கயிற்றை விட்டான் என்று குளிக்கிறவனே ஊருக்குள் சொன்னால் அந்த வீட்டுக்கு அப்புறம் எவன் கயிறு பிடிப்பான் என்றார். உள்ளே மீன் அறுத்துக்கொண்டிருந்த மரியசெல்வியின் கை நின்றது. பிறகு அறுத்தது.

கஸ்பாரைத் தேடவேண்டியிருக்கவில்லை. அந்த ஆட்டம் முடிந்த மறுமாதமே வெள்ளத்துரை குடோனில் வாச்மேனாகச் சேர்ந்தவர் அதே வாசலில் இருந்தார். காக்கி உடுப்பு, ஸ்டூல், நிரந்தரம். மறைக்கவும் செய்யாமல் என்னிடம் ஒரு பீடி கேட்டார். கொடுத்தேன்.

"மூணு பொட்டப்பிள்ளையள வச்சிருக்கேன், அண்ணாச்சி. அவன் இந்த வருசம் தோத்தா அடுத்த வருசம் செயிப்பான். எனக்கு அடுத்த வருசம் முட்டு இருக்காது."

உங்கள் தங்கை வீட்டில் அடுப்பு எரியவில்லையே என்றேன். அவருக்கு அது நியாயமான கேள்வியாகப் படவில்லை.

"அவன் சாகவா செஞ்சான்? பந்துதான போச்சு. கயித்த நான் விட்டேனா?"

யோசித்துப் பார்த்தால் சட்டப்படி சரி. தங்கை தாலி அறுக்கக்கூடாது என்றுதான் கரையின் ஏற்பாடு. அந்தத் தாலி அடகுக்கடைக்குப் போகக்கூடாது என்று யாரும் சேர்த்துச் சொல்லி வைக்கவில்லை. மரியசெல்வியின் கழுத்தில் நான் மஞ்சள் கயிற்றைத்தான் பார்த்தேன்.

இதை எழுதலாமா என்று திரும்பப் போய்த் தொம்மையிடம் கேட்டேன். தாராளமாக எழுதுங்கள், ஒருத்தனும் நம்பப்போவதில்லை, நிறத்தை மட்டும் சிவப்பு என்று போடுங்கள், கறுப்புக் கட்சிக்காரர்கள்தான் தம்மை அதிகம் ஏசியவர்கள் என்றார்.

அவர் இப்போது சங்கு குளிக்கிறார். இளவட்டங்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு கயிறு இல்லாமலே இறங்கிவிடுகிறார்கள். நாற்பதில், வருஷக்கணக்கில் மூட்டை சுமந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, அது நடக்காது. பழைய மாதிரி கல்லும் கயிறும் வேண்டும். மேலே யார் பிடிக்கிறது என்று கேட்டேன். வள்ளத்தில் கூலிக்கு ஆள் கிடைக்கும்தானே?

"கஸ்பார்தான். அவன் லீவு அன்னைக்குத்தான் நான் கடலுக்குப் போறது" என்றார்.

பயமில்லையா என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார், மேட்சுக்கு டிக்கெட் எடுக்காமல் வந்தவனைப் பார்ப்பதுபோல.

"கடல்ல விடமாட்டான், அண்ணாச்சி. அது வேற."

கஸ்பாருக்கு வாரத்தில் ஒருநாள்தான் லீவு. அதனால் தொம்மைக்கு வாரத்தில் ஒருநாள்தான் வேலை. வள்ளத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். கயிறு ஒருமுறை அசைந்தால் இறக்கு, இருமுறை அசைந்தால் தூக்கு, அவ்வளவுதான் பேச்சு.

ஒன்று மட்டும் பாக்கி நிற்கிறது. சீசன் முதல் நாள் கரை ஏறியதும், கயிறு பிடித்தவர் தோளில் குளித்தவர் ஒரு புதுத் துண்டு போடவேண்டும். மரியசெல்வி ஐப்பசியிலேயே வாங்கிவிட்டார். மடிப்புக் கலையாமல் கொடியில் கிடந்தது. கேட்காமல் கொடுக்கமாட்டேன் என்கிறார் தொம்மை. கொடுக்காமல் கேட்கமாட்டேன் என்கிறார் கஸ்பார். சீசன் தொடங்கி மாதங்கள் போய், மாசியும் பிறந்துவிட்டது. நான் கிளம்பும்போது மரியசெல்வி அதைக் கொடியிலிருந்து எடுத்து, வாசலில் ஒரு தட்டுத் தட்டித் தூசியைப் போக்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, திரும்பவும் கொடியில் போட்டார்.