வாசலுக்கு வந்த சுடுகாட்டுப் பூ

ஒசாகாவில் நான் குடிவந்த வாரமே வீட்டுக்கார அம்மாள் என் வாசலில் ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டுக் குனிந்து வணங்கினார். பார்த்தால் நித்தியகல்யாணி! கடலூரில் எங்கள் தெருவில் அதற்குச் சுடுகாட்டுப் பூ என்று பேர்; யாரும் வீட்டில் வைக்கமாட்டார்கள். சிதம்பரத்தில் படித்தபோது அதன் இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, சாறெடுத்துப் புற்றுநோய் செல்கள்மேல் விட்டுப் பார்த்தவன் நான். இங்கேயும் அதே வேலைதான், இலைகள் மட்டும் வேறு. அப்படியும் வாசலில் அதைப் பார்த்ததும் கால் பின்வாங்கியது.

அந்த 2009ஆம் வருடம்தான் அக்காவுக்குக் கழுத்தில் நிணநீர்ப் புற்று. இரண்டாவது கீமோ ட்ரிப் ஏறியதும் தலைமுடி கொட்டியது, வாந்தி நிற்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார்.

“மச்சான், ட்ரிப்புல ஏத்துறதே நம்ம நித்தியகல்யாணி மருந்துதானாமே? சுடுகாட்டுலேர்ந்து செடிய வேரோட கொண்டாந்து நட்டுட்டேன். எலைய அரைச்சிக் குடுத்துடுறேன், ஆஸ்பத்திரி வேணாம்.”

“ஐயோ மாமா, எலைய அப்புடியே குடுத்தா விஷம்.”

“ஒரே செடி. அங்க மருந்து, இங்க விஷமா? அப்ப நீ அங்க என்னதான் ஆராய்ச்சி பண்ற?”

இலையில் மருந்து எவ்வளவு, விஷம் எவ்வளவு என்று அரைக்கிற யாருக்கும் தெரியாது என்பதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அக்கா போனை வாங்கினாள். “நீ சொல்லுடா, கேக்கறேன்.”

“ட்ரிப்ப விட்டுடாதக்கா,” என்றேன். லேப் தட்டில் செல்கள் சாவதைத்தான் பார்த்திருக்கிறேன். மனுஷி பிழைப்பதைப் பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

என் முகத்தைப் பார்த்து வீட்டுக்கார அம்மாள் விசாரித்தார். அரைகுறை ஜப்பானியத்தில் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். மாலையில் தொட்டியைக் காணோம்! சுடுகாட்டுப் பூ என்று இவருக்கும் தெரியும் போல என்று ஏனோ ஆறுதலாக இருந்தது. லேபில் கேட்டால் சிரித்தார்கள். இந்த ஊரில் நோயாளி இருக்கும் குடும்பத்துக்கு வேருள்ள செடி ஆகாதாம்; நோயும் வேர் பிடித்துவிடுமாம்.

மாமா மறுபடி அழைத்தார். “மூணாவது ட்ரிப் போட்டாச்சி. எலையத் தொடல. செடிய புடுங்கி எறியலாம்னா உங்கக்கா வுடமாட்டேங்குறா. மருந்து குடுக்குற செடியாம். நல்லா வேர் புடிச்சிடுச்சி மச்சான்.”

சந்தோஷப்படுவதா, பிடுங்கச் சொல்வதா? எந்த ஊர்ப் பயத்தை நான் பயப்படுவது? என் வாசலில் தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை இருக்கிறது. தினமும் அதை மிதிக்காமல் தாண்டித்தான் லேபுக்குப் போகிறேன்.